கால் நனைக்கும் தொட்டி

இருபத்தாறாம் நாள் குஞ்சுகள் ஓரமாய் ஒதுங்கின.
இருபத்தேழில் தீவனத் தட்டு நிறைந்தபடியே கிடந்தது.
இருபத்தெட்டில் மயிலாத்தாள் கூப்பிட்டாள்,
எண்ணிக்கை மட்டும் சொன்னாள்:
"நூத்தி அறுவதுங்க."

கோபாலபுரம் எல்லைக்கு இப்புறம்
அவள் கொட்டகைக்கு வெளியே
கிழித்து விரித்த தீவனச் சாக்கின்மேல்
ஒவ்வொன்றாய் அறுத்துப் பார்க்கிறேன்.
தொடைச் சதையில் சிவப்புக் கீற்றுகள்,
சீப்பை அழுத்தி வாரியதுபோல.
சிறுநீரகம் வெளுத்து வீங்கி
சுண்ணாம்பு அடைத்த வாய்க்கால்.
கடைசியாக வாலடியில் அந்தப் பை.
சுண்டைக்காயாய் இருக்கவேண்டியது
மஞ்சள் கூழ் போர்த்த நாவற்பழமாய்.

கம்போரோ.
பெயர் சொன்னதும் மயிலாத்தாள் கேட்டாள்:
"மருந்து?"

இல்லை.
கோழியின் உடம்பு தன் பகைகளைக்
குறித்துவைக்கப் பழகும் ஏடு அந்தப் பை.
இந்த வைரஸ் வந்ததும் அதைத்தான் தின்கிறது.
பிழைத்தவை ஒரு வாரத்தில் எழுந்து நடக்கும்,
தண்ணீர் குடிக்கும், எடைகூடப் போடும்.
பிறகொரு நாள் வெள்ளைக்கழிச்சல் வந்து நிற்கையில்
தடுப்பூசி போட்டது
உடம்புக்கு நினைவிருக்காது.

பதினாலாம் நாள்
இரண்டு மணிநேரம் தண்ணீரை நிறுத்தி,
பால் பவுடர் கரைத்து,
அந்தத் தடுப்பு மருந்தைக் கலந்தது நான்தான்.
அதை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.
ஆறுச்சாமி குழி தோண்டிக்கொண்டிருந்தார்.
"நாய் கிளறாத ஆழம் எத்தனை அடிங்க?"
செத்ததற்கு வளர்ப்புக் கூலி கிடையாது.
அதை அவர் கேட்கவில்லை.

அன்றும் வியாழக்கிழமை.
சாவடியில் என் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.
"கோழி உண்டோ?"
இல்லை, டாக்டர்.
"ம். பொய்க்கோ."
பூட்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பல்லடம் அலுவலகம், மாதக் கடைசி.
எல்லைக்கு இருபுறமும் நாற்பத்திரண்டு கொட்டகை,
நோய் கண்டவை பதினேழு.
நாற்பது புள்ளி ஐந்து விழுக்காடு என்று
பெரிய எழுத்தில் போடச் சொன்னார் மேலாளர்.
"சீசன்தானே" என்றார்.
வரைபடத்தில் குத்தக் குண்டூசி இல்லை.
கணக்குப் பிரிவு விமலாராணி
கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையொன்று தந்தாள்.
பதினேழு சிவப்புப் பொட்டு ஒட்டினேன்,
பக்கத்தில் தேதி எழுதினேன்.

காற்றின் திசை இல்லை.
குஞ்சு வந்த பொரிப்பகமும் ஒன்றில்லை.
கோபாலபுரம், மூன்று நாள் கழித்து வண்ணாமடை,
அதே நாளில் கொழிஞ்சாம்பாறை,
மறுநாள் வேலந்தாவளம் போகும் வழியில் இரண்டு.
இடையில் ஒரே ஒரு கொட்டகை மட்டும்
பொட்டில்லாத நெற்றியாய்:
குஞ்ஞுலட்சுமியுடையது.

அந்த வியாழக்கிழமை என் பின்சக்கரம் பஞ்சர்.
அவள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

தீவன லாரியும் அதே வழிதான்.
எரு அள்ளும் டிராக்டரும்.
குப்பையில் ஓடும் கறுப்பு வண்டுகளும்
எங்கே வேண்டுமானாலும் போகும்.
இவற்றையெல்லாம் அறிக்கையில் எழுதினேன்.
ஒன்றும் பொய்யில்லை.

மயிலாத்தாள் கொட்டகை வாசலில்
சிமெண்டுத் தொட்டியொன்று உண்டு, கம்பெனி விதி.
கிருமிநாசினி நிரப்பி, காலை நனைத்து நுழையவேண்டும்.
அன்று அது வறண்டு கிடந்தது,
உள்ளே சருகும் ஒரு தேரையும்.
தேரையை மிதிக்காமல்
கவனமாய்த் தாண்டிப் போனேன், தாண்டியே வந்தேன்.
படிவத்தில்,
தொட்டி: உண்டு.
டிக் அடித்த கை இதுதான்.

இரவு பூட்ஸைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டேன்.
காலையில் கழுவிப் பார்த்தபோது
அடிப்பள்ளத்தில் இன்னும் ஒரு உமி.
காலிக் கொட்டகையிலும்
நான்கு மாதம் உயிரோடிருக்கும் என்று
தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஃபோன் அடிக்கிறது. குஞ்ஞுலட்சுமி.
"இந்த வியாழன் வருமில்லே டாக்டரே?
குஞ்சுக்கு இருபத்தஞ்சு நாளாச்சு,
ஒண்ணு வந்து நோக்கிட்டுப் போனா
ஒரு சமாதானம்."

பஞ்சர் என்றேன்.